வீட்டுத் தோட்டத்தில் களையும் பூச்செடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களுக்கானவை. ஊட்டி, கொடைக்கானல் போன்ற உறைபனி விழும் ஊர்களில் விதைக்கும் மாதங்கள் வேறு. களை எடுக்கும் முறை அங்கும் கிட்டத்தட்ட இதேதான்.

ஒருபருவச் செடி, பல்லாண்டுச் செடி என்று ஏன் பிரிக்கிறார்கள்? களைக்கும் இந்தப் பிரிவு பொருந்துமா?

பொருந்தும். உண்மையில் பூச்செடியைவிடக் களைக்குத்தான் இது அதிகம் உதவும்.

ஒருபருவச் செடி விதையிலிருந்து முளைத்து, பூத்து, விதை கொட்டிவிட்டுக் காய்ந்துவிடும். செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, காசித்தும்பை, ஜின்னியா, காஸ்மாஸ் இந்த வகை. களைகளில் பருப்புக்கீரை, குப்பைமேனி, தும்பை, கீழாநெல்லி, பார்த்தீனியம். பல்லாண்டுச் செடி வேரிலோ கிழங்கிலோ தண்டிலோ உயிரை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி துளிர்க்கும். மல்லிகை, செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, இட்லிப்பூ, சம்பங்கி, சாமந்தி ஆகியவை பூச்செடிகள். கோரை, அருகு, மூக்கிரட்டை ஆகியவை களைகள்.

எந்தக் களையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது விதையில் பிழைக்கிறதா, வேரில் பிழைக்கிறதா என்பதைத்தான். விதையில் பிழைப்பதைப் பூக்கவிடாமல் வெட்டினாலே போதும், வேர் மண்ணில் கிடந்தாலும் கவலையில்லை. வேரில் பிழைப்பதை வெட்டினால் மட்டும் போகாது. அதன் இலை வெயில் வாங்கிக் கிழங்குக்கு உணவு அனுப்ப விடாமல் பட்டினி போட வேண்டும்.

வெளிநாட்டு விதைப் பாக்கெட்டில் 'ஓராண்டுச் செடி' என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். குளிர்நாட்டில் பனியில் செத்துப்போவதால் அங்கே நித்தியகல்யாணியும் ஓராண்டுச் செடி. இங்கே அது சிமெண்ட் விரிசலில்கூட ஆண்டுக்கணக்கில் பூத்துக்கொண்டிருக்கும்.

கோரையை எத்தனை முறை பிடுங்கினாலும் ஒரு வாரத்தில் திரும்ப வருகிறதே?

பிடுங்கும்போது கைக்கு வருவது இலையும் வெளுத்த கழுத்தும் மட்டும்தான். கழுத்துக்குக் கீழே ஒரு சின்ன முடிச்சு, அதிலிருந்து கம்பி போன்ற மெல்லிய வேர்த்தண்டு, அந்தத் தண்டில் வரிசையாகக் கோத்த கருத்த கிழங்குகள். நகத்தால் கீறினால் வாசனை வரும். நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்கு விற்கும் கோரைக்கிழங்கு இதேதான். ஒவ்வொரு கிழங்கிலும் பல முளைக்கண்கள் உண்டு. நுனிக் கண் உயிரோடு இருக்கும்வரை மற்றவை அடங்கிக் கிடக்கும். நீங்கள் நுனியை அறுத்ததும் அடுத்தது விழிக்கும். தண்டு துண்டானால், அடங்கிக் கிடந்த அடுத்தடுத்த கிழங்குகளும் தனித்தனியே முளைக்கும். மண்வெட்டியால் சும்மா கொத்திவிட்டால் கோரை பெருகுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது இது. மழைக்குப் பிறகு மண் பொலபொலவென இருக்கும்போது கடப்பாரையால் 20 முதல் 25 செ.மீ. ஆழம் நெம்பிக் கிளப்புங்கள். கிழங்கில் பெரும்பகுதி இந்த ஆழத்துக்குள்தான் இருக்கும். கட்டியை உடைத்து, கிழங்கைக் கையால் பொறுக்கி வெளியே போடுங்கள். சிறிய பாத்தி என்றால் மணல் சல்லடையில் சலித்துவிடலாம். எவ்வளவு சலித்தாலும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியது முளைத்து நாலைந்து இலை விட்டதும், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே களைக்கொத்தியால் வெட்டுங்கள். புதுக் கிழங்கு கட்டுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு மாதம் விட்டுவிட்டால் செய்த வேலை வீண். ஒரு பருவம் முழுக்க விடாமல் செய்தால் கிழங்கு இளைத்துச் சாகும்.

கோரைக்கு நிழல் ஆகாது. வெட்டிய இடத்தை வெறுமனே விடாமல் தட்டைப்பயறு, சணப்பு அல்லது சர்க்கரைவள்ளிக் கொடியால் மூடிவிட்டால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். மெல்லிய பாலித்தீன் தாளை நம்ப வேண்டாம். கோரையின் முளை ஊசிபோல அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

தொட்டியிலும் குரோபேகிலும் கோரை வந்துவிட்டால்?

செடியைக் காப்பாற்ற முடிந்தால் வேர்ப்பந்தைக் கழுவி வேறு கலவையில் வையுங்கள். பழைய கலவையைச் சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடியில் 3, 4 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, தினம் கிளறி, இரண்டு வாரம் காயவிடுங்கள். கிழங்கு சுருங்கி, உடைத்தால் உள்ளே பழுப்பாக இருந்தால் செத்துவிட்டது. வெள்ளையாக இருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. நடுவில் கோடை மழை பெய்தால் முதலிலிருந்து காயவைக்க வேண்டும்.

அருகம்புல்லும் அப்படித்தானா?

அதற்குக் கிழங்கு இல்லை. தரைக்கு மேலே ஓடும் தண்டு, தரைக்குள் ஓடும் தண்டு இரண்டும் உண்டு. ஒவ்வொரு கணுவும் வேர்விடும். வெட்டிப் போட்ட துண்டு ஈரமண்ணில் கிடந்தால் அதுவே புதுச் செடி. அதனால் வெட்டாதீர்கள், தண்டைப் பின்தொடர்ந்து முழுக்க உருவி எடுங்கள். பாத்தி ஓரத்தில் ஓடு அல்லது கடப்பா துண்டை 15 செ.மீ. ஆழம் நட்டுவைத்தால் பக்கத்துப் புல்தரையிலிருந்து ஊர்ந்து வருவது பெரிதும் குறையும்.

புதுப் பாத்தி போட்டதும் செடியைவிடக் களைதான் முந்திக்கொள்கிறது. விதை எங்கிருந்து வருகிறது?

மூன்று வழிகளில் வரும். முதலாவது, ஏற்கெனவே மண்ணில் உறங்கும் விதை. கிளறும்போது மேலே வந்து வெளிச்சம் பட்டதும் முளைக்கும். இரண்டாவது, மக்காத சாணம். மாடு தின்ற புல்லின் விதை பல செரிக்காமல் சாணத்தோடு வெளிவரும். மூன்றாவது, நர்சரித் தொட்டி. புளியாரை பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகிறது. அதன் காய் முற்றியதும் வெடித்து விதையைத் தெறிக்கும், ஒரு தொட்டியில் இருந்தது மாடி முழுக்கப் பரவிவிடும். வாங்கிய செடியின் மேல்மண்ணை 2 செ.மீ. சுரண்டி எறிந்துவிட்டு வீட்டுக்குள் கொண்டுவருவது நல்ல பழக்கம்.

தொழு உரம் உதிரியாக, சாண வாடை இல்லாமல், கருப்பாக இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஈரப்படுத்திக் குவித்து, மூடி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உள்ளே இருப்பது வெளியே வரும்படி புரட்டுங்கள். குவியலின் நடுவில் 55, 60 டிகிரி செல்சியஸ் சூடு சில நாள் நின்றால் பெரும்பாலான களை விதை செத்துவிடும். குவியல் ஒரு மீட்டர் அகலமும் உயரமுமாவது இல்லாவிட்டால் அந்தச் சூடு ஏறாது.

மண்ணில் உள்ள விதைக்கு ஒரு எளிய வழி, அதை முளைக்க வைத்துக் கொல்வது. பாத்தியை விதைப்புக்குத் தயாராக்கி, விதைக்காமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். 10 முதல் 14 நாளில் பச்சைப் பாய் விரிந்ததுபோல் களை முளைக்கும். வெயில் நேரத்தில் 2 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் களைக்கொத்தியால் சீவிவிட்டு, மறுநாள் பூச்செடியை விதையுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியிலுள்ள அடுத்த விதைகள் மேலே வந்துவிடும். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். அவசரம் இல்லையென்றால் இதையே இரண்டு முறை செய்யலாம்.

ஏப்ரல், மே மாதத்தில் பாத்தி காலியாக இருந்தால், நனைத்து, கண்ணாடிபோல் தெளிந்த பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து 4 முதல் 6 வாரம் விடலாம். கருப்புத் தாள் இந்த வேலைக்கு அவ்வளவு உதவாது, மண் போதிய சூடு ஏறாது. ஒருபருவக் களையின் விதைகள் இதில் வெந்துவிடும். கோரைக்கு முழுத் தீர்வு இதில் இல்லை.

மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்கு எவ்வளவு போட வேண்டும்?

காய்ந்த இலை, கரும்புச் சோகை, தென்னை ஓலைத் துணுக்கு எதுவானாலும் 5 முதல் 8 செ.மீ. கனம். அதைவிட மெலிதாகப் போட்டால் களை எட்டிப் பார்க்கும். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கழுத்து அழுகும். வைக்கோலில் நெல் மிச்சம் இருந்தால் பாத்தியில் நாற்றங்கால் போட்டதுபோல் நெல் முளைக்கும். அது பெரிய களையல்ல, பிடுங்கினால் வந்துவிடும். கறையான் தொல்லை உள்ள இடத்தில் காய்ந்த ஓலையைத் தவிர்த்து, பாதி மக்கிய தென்னைநார்க் கழிவைப் போடுங்கள். செண்டுமல்லியோ காசித்தும்பையோ தானாக விழுந்து முளைக்கட்டும் என்று விட்டிருக்கும் பாத்திக்கு மூடாக்கு வேண்டாம். களையைத் தடுப்பது அதையும் தடுக்கும்.

பார்த்தீனியத்தைக் கையால் பிடுங்கலாமா?

வெறுங்கையால் கூடாது. தோல் அரிப்பும் தடிப்பும் வரும், பூந்தூள் சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கில் துணி. இளஞ்செடி கேரட் இலைபோலத் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். அந்த நிலையிலேயே, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு எடுங்கள். வெள்ளைப் பூ வந்தபின் பிடுங்கினால் உலுக்காமல் சாக்கில் போடுங்கள், ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும்.

இது 1950-களில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்ட வந்தேறிக் களை. இதன் இலையைத் தின்பதற்கென்றே 1983-ல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்கு ஒரு வண்டைக் கொண்டுவந்தார்கள். வெளிர்நிற முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் உள்ள அந்தச் சின்ன வண்டை மழைக்காலத்தில் பார்த்தீனியத்தின் மேல் பார்த்தால் விட்டுவிடுங்கள்.

உப்புக் கரைசல், வினிகர், கொதிநீர், கடையில் விற்கும் களைக்கொல்லி: எதைப் பயன்படுத்தலாம்?

உப்பு களையைக் கொல்லும், கூடவே மண்ணையும் கெடுக்கும். தண்ணீரோடு நகர்ந்து பக்கத்துச் செடியின் வேருக்குப் போகும், மண் இறுகும். செடி வைக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

சமையல் வினிகரில் சுமார் 4, 5 சதவீதம்தான் அசிட்டிக் அமிலம். உச்சிவெயிலில் தெளித்தால் இரண்டு இலைப் பருவத்துக் களை கருகும். கோரை, அருகு இவற்றின் மேலிலை கருகி, பத்து நாளில் மறுபடி துளிர்க்கும். கொதிநீரும் அப்படித்தான், ஆனால் தளக்கல் இடுக்கில் உள்ள களைக்கு அது மலிவான, நல்ல வழி.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை நாங்கள் வீட்டுத் தோட்டத்துக்குப் பரிந்துரைப்பதில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதோடு, அது பச்சையாக உள்ள எதையும் கொல்லும். காற்றில் ஒரு துளி ரோஜாவில் பட்டால் அடுத்த துளிர் நூல்போல ஒடுங்கி வரும். 2,4-டி என்ற மற்றொன்று அகன்ற இலைச் செடிகளைக் குறிவைப்பது. உங்கள் செண்டுமல்லி, தக்காளி, செம்பருத்தி எல்லாமே அகன்ற இலைதான்.

மாடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. என்ன செய்வது?

பறவை எச்சத்தில் வந்த விதை. நாலு இலைப் பருவத்தில், சுவரை நன்றாக நனைத்து, மெதுவாக இழுத்தால் வேரோடு வரும். வேர் விரிசலுக்குள் போய்விட்டால் மேலே வெட்டுவதில் பயனில்லை, ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். அந்த இடத்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, வேரை முடிந்தவரை உருவி, பிறகு விரிசலைப் பூச வேண்டும். துளையிட்டுப் பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும் என்பார்கள். வைப்பவர்கள் வைக்கட்டும், கொத்தனாரையும் கூப்பிட்டுவிடுவது நல்லது.

எல்லாக் களையையும் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

இல்லை. கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி, தும்பை, பருப்புக்கீரை ஆகியவை ஓரமாக இருந்தால் இருக்கட்டும். தும்பைக்கு வண்ணத்துப்பூச்சி வரும். நாற்று நட்ட முதல் 30, 40 நாள் மட்டும் பாத்தியில் எதையும் விடாதீர்கள். அந்த நாளில் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் தோற்ற செடி பிறகு தேறாது.

சமையலுக்குப் பறித்தால் ஒரு எச்சரிக்கை. பருப்புக்கீரையோடு சேர்ந்தே தரையில் படரும் சிறு அம்மான் பச்சரிசியும் சிவந்த தண்டோடு அதேபோலத் தெரியும். தண்டைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது கீரை இல்லை. பருப்புக்கீரையின் இலை சதைப்பற்றாக இருக்கும், பால் வராது. அதைக் களையாகப் பிடுங்கினால் பாத்தியிலேயே போட்டுவிடாதீர்கள். சதைத்தண்டில் உள்ள நீரிலேயே பல நாள் உயிர்வாழ்ந்து, மறுபடி வேர்விடும், பிடுங்கிய பிறகும் விதையை முற்ற வைத்துவிடும். தொட்டியில் ஆசையாக வளர்க்கும் டேபிள் ரோஸ் இதன் நெருங்கிய சொந்தம். கிள்ளி நட்டால் பிழைப்பது அந்தக் குடும்பக் குணம்.

நாற்று எது, களை எது என்று தெரியாமல் நல்லதைப் பிடுங்கிவிடுகிறேன்.

விதையைத் தூவாமல் கோடு கிழித்து வரிசையாக விதையுங்கள். வரிசையில் இல்லாதது களை. இதைவிட நம்பகமான அடையாளம் கிடையாது. சந்தேகம் வந்தால் ஒரு இலையைக் கசக்கி முகருங்கள்; செண்டுமல்லி இரண்டாம் இலையிலேயே தன் வாடையைக் காட்டிவிடும்.

பொங்கலுக்குச் செண்டுமல்லி பூக்க எப்போது விதைக்க வேண்டும்?

நாற்றுக்கு 25 முதல் 30 நாள், நட்டதிலிருந்து பூக்க ஏறக்குறைய 60 நாள். ஆக, அக்டோபர் முதல் பாதியில் விதைக்க வேண்டும். ஆயுதபூஜைக்கு என்றால் பண்டிகைத் தேதியிலிருந்து இதேபோல 90 நாள் பின்னால் எண்ணுங்கள்.

குழித்தட்டில் மக்கிய தென்னைநாரும் மண்புழு உரமும் சரிபாதி நிரப்பி, ஒரு குழிக்கு ஒரு விதை, அரை செ.மீ. ஆழம். நாலிலிருந்து ஏழு நாளில் முளைக்கும். கோழிக்கொண்டை விதையை மூடாமல் மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். வாடாமல்லி விதையைச் சுற்றியுள்ள பஞ்சு தண்ணீரை உள்ளே விடாது, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள்.

அக்டோபர் விதைப்பின் சிக்கல் வடகிழக்குப் பருவமழை. தட்டு நனைந்துகொண்டே இருந்தால் நாற்றின் கழுத்து மெலிந்து, கருத்து, சாய்ந்துவிடும். இது நாற்றழுகல் பூஞ்சை. சாய்ந்த நாற்று தேறாது. மழை படாத, வெளிச்சமான இடத்தில் தட்டை வைத்து, மேல்பரப்பு காய்ந்தபின் மட்டும் தண்ணீர் விடுங்கள். கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்துவிட்டால் ஆபத்து குறையும்.

பாத்தியில் 45 செ.மீ. இடைவெளி, தொட்டியில் 10 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. நட்ட நாலாவது வாரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டுப் பூ கூடும். ஆனால் கிள்ளிய செடி சில நாள் தாமதமாகப் பூக்கும். பொங்கல் கணக்கு இறுக்கமாக இருந்தால் ஒரு வாரம் முன்பே விதைத்துக்கொள்ளுங்கள். வாடிய பூவை உடனுக்குடன் எடுங்கள். விதை பிடித்துவிட்டால் ஒருபருவச் செடி தன் வேலை முடிந்ததென்று நின்றுவிடும்.

சாமந்தி தளதளவென்று வளர்ந்தும் மொட்டே வைக்கவில்லையே?

இரவில் அந்த இடத்தைப் பாருங்கள். தெருவிளக்கோ வாசல் விளக்கோ விடிய விடிய அதன் மேல் விழுகிறதா? நீண்ட, தடையில்லாத இருட்டு இருந்தால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். தொட்டியை விளக்கு படாத பக்கம் நகர்த்தினாலே தீர்ந்துவிடும். விளக்கு இல்லையென்றால் அடுத்த சந்தேகம் யூரியா அல்லது மிதமிஞ்சிய சாணக் கரைசல். அதற்கும் அடுத்தது, வெயில் 5 மணி நேரத்துக்குக் குறைவாக விழுவது.

பூத்து முடிந்ததும் தண்டைத் தரையோடு வெட்டிவிட்டால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் வரும். ஜூன், ஜூலையில் அவற்றை வேரோடு பிரித்து நடுங்கள். தாய்ச்செடியையே வைத்துக்கொண்டிருந்தால் ஆண்டுக்கு ஆண்டு பூ சிறுக்கும்.

பல்லாண்டுச் செடிகளை எப்போது கவாத்து செய்வது, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது?

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 45, 50 செ.மீ. விட்டு வெட்டுங்கள். முல்லை, ஜாதிமல்லி இரண்டுக்கும் ஜனவரி கடைசி வாரம். மல்லிகை புதுத் துளிரில்தான் பூக்கும், வெட்டத் தயங்கினால் கோடையில் கொடி மட்டும்தான் மிஞ்சும். வெட்டியபின் செடிக்கு இரண்டு கூடை மக்கிய உரம் வைத்துத் தண்ணீர் விடுங்கள்.

ரோஜாவில் கவனிக்க வேண்டியது வேறு. ஒட்டுக்கட்டிய முடிச்சுக்குக் கீழிருந்து, வேறு மாதிரி இலையோடு, வேகமாக ஒரு குச்சி கிளம்பினால் அது அடிச்செடியின் குருத்து. கத்தரிக்காதீர்கள், கிளம்பும் இடத்திலேயே பக்கவாட்டில் இழுத்துப் பிய்த்து எடுங்கள். விட்டுவைத்தால் ஓரிரு ஆண்டில் நீங்கள் வாங்கிய ரோஜா போய், காட்டு ரோஜா மட்டும் நிற்கும்.

பிடுங்கிய களையை உரக்குழியில் போடலாமா?

பூக்காத ஒருபருவக் களையைத் தாராளமாகப் போடலாம், நல்ல தழைச்சத்து. விதை முற்றியது, கோரைக்கிழங்கு, அருகந்தண்டு இவற்றை அப்படியே போடாதீர்கள். ஒரு வாளியில் தண்ணீரில் முழுக அமுக்கி, மேலே கல் வைத்து, மூடி, ஒரு மாதம் ஊறவிடுங்கள். நாற்றம் வீடு தாண்டும், அதனால் வாளி ஜன்னலுக்குக் கீழே வேண்டாம். கிழங்கு கூழாக நசுங்கினால் குவியலில் சேர்க்கலாம். நீரை ஒன்றுக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். ஆனால் விதைக்களை ஊறிய நீரைத் துணியில் வடிகட்டாமல் ஊற்ற வேண்டாம். பார்த்தீனியத்தை இந்த வாளியிலும் சேர்க்காதீர்கள்.